நம்பிப் படிக்கக்கூடிய புத்தகத்தைக் கல்விசார் இணையக் குழுக்களில் கண்டுபிடிப்பது எப்படி? மலையக மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே அடுக்கியிருப்பவை பெரும்பாலும் கடந்தகால வினாத்தாள்களும் குறிப்புப் புத்தகங்களும்தான். உயர்தரம் முடித்து வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்தவரோ, தோட்டப் பாடசாலையில் புதிதாகக் கற்பிக்கத் தொடங்கியவரோ ஒரு பாடத்தை அடியிலிருந்து படிக்க நினைத்தால், எந்தப் புத்தகம் என்று கேட்க ஆள் தேட வேண்டும். இறக்குமதிப் பாடநூல் ஒன்றின் விலை தோட்டத்தில் பல நாள் பேருக்கு, அதாவது நாட்கூலிக்குச் சமம். தவறான புத்தகத்தை வாங்கிவிட்டால் அடுத்ததை வாங்க வீட்டில் மறுபடி கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வாசிகசாலைக்கு வரும் தம்பி தங்கைகளோடு உட்கார்ந்து இணையக் குழுக்களில் புத்தகம் தேடும் வேலையைச் செய்து பார்த்ததில், எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது. கீழே வரும் படிகள் எல்லாம் ஒரே விதியிலிருந்து வருகின்றன: காரணம் சொல்லாத பரிந்துரையை எடுக்காதீர்கள். யாருக்கு, எந்த மட்டத்துக்கு, ஏன் இந்தப் புத்தகம் என்று சொன்னால்தான் அது சரியா என்று பார்க்க முடியும். வெறும் தலைப்பை எதை வைத்துச் சரிபார்ப்பது?

1. முதலில் தாளில் நான்கு வரி

ஃபோனைத் திறக்குமுன் ஒரு தாளை எடுங்கள்.

முதல் வரியில் பாடமும் அதில் எந்தப் பகுதி என்பதும். “பௌதிகவியல்” என்றால் எவராலும் உதவ முடியாது. “மின்காந்தவியல், பல்கலைக்கழக முதலாம் ஆண்டு அளவில்” என்றால் முடியும்.

இரண்டாவது வரியில் இதுவரை எது தெரியும் என்பது. இங்கேதான் நம்மவர்கள் “ஏ எல் முடித்தவர்” என்று எழுதிவிட்டு நிறுத்துகிறார்கள். பிரித்தானியாவில் படித்தவருக்கு அது ஓரளவு பிடிபடலாம். அமெரிக்கருக்கோ ஜெர்மானியருக்கோ எதுவும் புரியாது. பரீட்சையின் பெயரை விட்டுவிட்டுத் தலைப்புகளை எழுதுங்கள்: “வகையீடும் தொகையீடும் தெரியும், காவிகள் தெரியும், பல மாறிகள் கொண்ட நுண்கணிதம் தெரியாது.”

மூன்றாவது வரி, எதற்காக. பரீட்சைக்குப் படிப்பவருக்குப் பயிற்சிக் கணக்குகள் நிறைந்த நூல் வேண்டும். ஆய்வுக் கட்டுரை எழுதுபவருக்கு மேற்கோள்களும் எதிர்வாதங்களும் உள்ள நூல் வேண்டும். கற்பிப்பவருக்கு மாணவர் எங்கே குழம்புவார் என்று சொல்லும் நூல் வேண்டும். பாடம் ஒன்றாக இருந்தாலும் புத்தகம் மூன்று.

நான்காவது, மொழியும் பணமும் நேரமும். ஆங்கிலத்தில் எவ்வளவு வேகமாக வாசிப்பீர்கள், எவ்வளவு செலவழிக்க முடியும், எத்தனை மாதம் இருக்கிறது. இதை எழுத வெட்கப்படத் தேவையில்லை. “இலவசமாகச் சட்டப்படி கிடைப்பதாக இருந்தால் நல்லது” என்ற ஒரு வரி உங்களுக்கு வரும் பதிலையே மாற்றிவிடும்.

2. கணக்கை முன்கூட்டியே திறந்து வையுங்கள்

கேள்வி தோன்றிய அன்றே கணக்குத் திறந்து அன்றே கேட்பது பலருக்குத் தோல்வியில் முடிகிறது. தலைப்புக்கொரு குழுவாக இயங்கும் ரெடிட் தளத்தில் பல குழுக்கள் புதிய கணக்கிலிருந்து வரும் பதிவைத் தானியங்கியாக நீக்கிவிடும். விளம்பரக்காரரைத் தடுக்கப் போட்ட வேலியில் நீங்களும் மாட்டுகிறீர்கள். பாடத்துக்கொரு கேள்வி-பதில் தளமாக இருக்கும் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் தளங்களில் புதியவர் கேள்வி கேட்கலாம். ஆனால் மற்றவர் பதிலின் கீழ் கருத்து எழுத 50 புள்ளி வேண்டும், பிடித்த பதிலுக்கு மேல்வாக்குப் போட 15 புள்ளி வேண்டும். நீங்கள் எழுதியதற்கு மற்றவர் வாக்குப் போடும்போது இந்தப் புள்ளி சேரும். ஆகவே சில வாரங்கள் முன்பே சேர்ந்து, தெரிந்த சிறிய கேள்விக்குப் பதில் எழுதிப் பழகுங்கள்.

சொந்தப் பெயர், பாடசாலை, தோட்டத்தின் பெயர், தொலைபேசி இலக்கம் எதையும் கணக்கில் போட வேண்டாம். “தனியாகப் பேசுவோம், புத்தகம் அனுப்புகிறேன்” என்று ஒருவர் உள்பெட்டிக்கு வந்தால் பதில் சொல்லாதீர்கள். நல்ல பரிந்துரைக்கு மறைவிடம் தேவையில்லை. பலர் பார்க்கும் இடத்தில் சொல்லப்படும்போதுதான் தவறை இன்னொருவர் திருத்த முடியும். பெண் பிள்ளைகளுக்கு இதை வீட்டில் ஒருவர் கூட இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும்.

டேட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தளங்கள் எழுத்துத் தளங்கள், காணொளி அளவுக்குத் தின்னாது. சிக்னல் கிடைக்காத தோட்ட டிவிஷனில் இருப்பவர், டவுனுக்குப் போகும் நாளில் பக்கங்களைத் திறந்து ஃபோனில் சேமித்துக்கொண்டு வீட்டில் வாசிக்கலாம்.

3. பாடத்துக்கேற்ற கதவைத் தட்டுங்கள்

எல்லாப் பாடத்துக்கும் ஒரே குழு என்று எதுவும் இல்லை. “புத்தகம் சொல்லுங்கள்” என்றே நடக்கும் பொதுக் குழுக்கள் நாவலுக்குச் சரிவரும். பாடநூலுக்கு அங்கே போகாதீர்கள். பிரபலமான பெயர்களே திரும்பத் திரும்ப வரும், சொன்னவர் அந்தத் துறையைக் கற்றவரா என்பது தெரியாது.

கணிதத்துக்கு மெதமெடிக்ஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச். இதையும் மெத் ஓவர்ஃப்ளோவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டாவது ஆய்வாளர்களுக்கானது, இளமாணி மட்டக் கேள்வியை அங்கே போட்டால் மூடிவிடுவார்கள், அதன்பின் யாரும் பதில் எழுத முடியாது. மூடப்பட்டதைப் பார்த்து மனம் உடைந்து கணக்கையே அழித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் கேள்வியில் குறையில்லை, கதவுதான் மாறியிருந்தது.

பௌதிகவியலுக்கு ஃபிசிக்ஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச். புத்தகப் பரிந்துரைக்கு அங்கே கண்டிப்பான விதி உண்டு: பதில் எழுதுபவர் தலைப்பை மட்டும் போடக்கூடாது, அந்த நூல் என்ன மட்டம், எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று விளக்க வேண்டும். நமக்கு வேண்டியதும் அதுதான். “ரிசோர்ஸ் ரெக்கமெண்டேஷன்ஸ்” என்ற குறிச்சொல்லைத் தட்டினால் அப்படிப்பட்ட கேள்விகள் மட்டும் வரும்.

வரலாற்றுக்கு ரெடிட்டின் ஆஸ்க் ஹிஸ்டோரியன்ஸ். அங்கே மேற்பார்வை மிகக் கடுமையானது. ஆழமில்லாத பதில் நீக்கப்படும், தொடர்ந்து நல்ல பதில் எழுதியவருக்கே பெயருக்குப் பக்கத்தில் துறைப் பட்டி, அதாவது எந்தத் துறை அறிந்தவர் என்று காட்டும் அடையாளம் கிடைக்கும். நாடு வாரியாகவும் காலம் வாரியாகவும் ஒரு புத்தகப் பட்டியலும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வியாழனும் வாசிப்புக்கும் பரிந்துரைக்கும் தனி இழை (ஒரு பதிவும் அதன் கீழ் வரும் பதில்களும்) திறக்கும். புதியவர் முதல் கேள்வியை அங்கே கேட்பது நல்லது, விதிகள் சற்றுத் தளர்ந்திருக்கும்.

மெய்யியலுக்கு ரெடிட்டின் ஆஸ்க் ஃபிலோசஃபி. அங்கே பட்டி பெற்றவர்தான் கேள்விக்கு நேரடியாகப் பதில் எழுதலாம். கூடவே ஸ்டான்ஃபோர்ட் மெய்யியல் கலைக்களஞ்சியத்தையும் திறந்து வையுங்கள். அது இலவசம், ஒவ்வொரு கட்டுரையும் அந்தத் தலைப்பை ஆய்ந்தவர் எழுதியது, கடைசியில் நூற்பட்டியல் இருக்கும். அளவையியல் படிக்கும் உயர்தர மாணவர்கூட அங்கே பயன்பெறலாம். பொருளியலுக்கு ரெடிட்டின் ஆஸ்க் எகனாமிக்ஸ். மேற்பார்வையாளர் ஒப்புதல் கொடுத்த பதிலே அங்கே தெரியும்.

போகக்கூடாத கதவுகளும் உண்டு. அகடமியா ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரைப் பார்த்ததும் “கல்விக்கு இதுதான் இடம்” என்று நினைப்பார்கள். அது பல்கலைக்கழக வாழ்க்கை பற்றிய தளம், புத்தகத் தெரிவுக் கேள்விகளை ஏற்பதில்லை. நிரலாக்கத்துக்கான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் ஏற்பதில்லை.

4. கேட்பதற்கு முன் பழைய பதில்களைத் தோண்டுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் கேள்விக்கு ஓடுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே அதிகம் நடப்பது. இளமாணி மட்டத்தில் உங்களுக்கு வந்த சந்தேகம் அநேகமாக முன்பே யாருக்கோ வந்திருக்கும்.

கூகுளில் “சைட்” என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுதுங்கள். பிறகு இடைவெளி விட்டுப் பாடத்தின் பெயரும் “டெக்ஸ்ட்புக்” என்ற சொல்லும். அந்தத் தளத்துக்குள் இருப்பது மட்டும் வரும். பல தளங்களின் சொந்தத் தேடலை விட இது துல்லியமானது.

ஒரே கேள்விக்கு மூன்று நான்கு பழைய இழைகளைத் திறந்து, வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆட்கள் சொன்ன தலைப்புகளைத் தாளில் குறியுங்கள். தலைப்புக்குப் பக்கத்தில் அவர்கள் சொன்ன காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். காரணம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் கோடு போடுங்கள். கோடு மட்டுமே உள்ள தலைப்புகளைக் கடைசியில் வெட்டிவிடலாம்.

உங்கள் கேள்வியை யாராவது “ஏற்கெனவே கேட்கப்பட்டது” என்று மூடினால் கோபப்பட வேண்டாம். மூடியவர் பழைய கேள்வியின் இணைப்பைக் கூடவே தந்திருப்பார். பெரும்பாலும் நீங்கள் தேடிய பதில் அங்கேயே இருக்கும்.

5. பதிலை எடை போடுவது

இந்தப் படியில் அவசரம் கூடாது. வாக்கு எண்ணிக்கை முதலில் கண்ணில் படும், அதையே நம்பிவிடுவார்கள். வாக்கு பலருக்குப் பிடித்தது என்பதை மட்டும் சொல்கிறது. பழைய பதிலுக்கு வாக்குச் சேர நிறையக் காலம் கிடைத்திருக்கிறது. போன மாதம் வந்த சிறந்த பதில் கீழே கிடக்கும். பச்சைச் சரி அடையாளமும் கேள்வி கேட்டவருக்குப் பிடித்தது என்பதற்குத்தான் அடையாளம். அவர் உங்கள் மட்டத்தில் இருந்தாரா என்று அவர் கேள்வியை வாசித்தால்தான் தெரியும்.

எழுதியவரின் பெயரைத் தட்டுங்கள். அவர் அதே பாடத்தில் வேறு கேள்விகளுக்கு என்ன எழுதியிருக்கிறார்? பரிந்துரைகளை மட்டும் எழுதும் கணக்கு, எல்லா இடத்திலும் ஒரே ஆசிரியரின் நூலைச் சொல்லும் கணக்கு, கடை இணைப்பை ஒட்டும் கணக்கு மூன்றையும் விடுங்கள். சிக்கலான கேள்விகளைப் பொறுமையாக விளக்கியவர் சொல்லும் புத்தகத்துக்குக் கூடுதல் எடை கொடுங்கள்.

பிறகு பதிலுக்குள் போங்கள். நல்ல பரிந்துரையில் குறையும் சொல்லப்பட்டிருக்கும்: “ஐந்தாம் அத்தியாயம் அவசரமாகப் போகிறது”, “விடைகள் இல்லை”, “எடுத்துக்காட்டுகள் எல்லாம் அமெரிக்கச் சூழல்”. குறை சொல்பவர் புத்தகத்தை வாசித்திருக்கிறார். “மிகச் சிறந்தது, கட்டாயம் படியுங்கள்” என்பவர் அட்டையை மட்டும் பார்த்திருந்தாலும் அதையே எழுதியிருப்பார்.

மட்டம் இன்னொரு பொறி. தலைப்பில் “அறிமுகம்” அல்லது “அடிப்படை” என்று இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கணிதத்தில் முதுமாணி மாணவருக்கான நூல்களும் அறிமுகம் என்ற பெயரோடு வருகின்றன. நூல்வரிசையைப் பாருங்கள்: ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் “அண்டர்கிராஜுவேட் டெக்ஸ்ட்ஸ்” இளமாணிக்கு, “கிராஜுவேட் டெக்ஸ்ட்ஸ்” அதற்கு மேல். ஒரு சொல்லைக் கவனிக்காததால் வருடம் முழுக்க அலுமாரியில் தூங்கும் புத்தகம் ஆகிவிடும்.

கடைசியாக எதிர்க் கருத்தைத் தேடுங்கள். அந்தத் தலைப்போடு “கிரிட்டிசிசம்” என்று சேர்த்து அதே குழுவில் தேடினால், மறுத்துப் பேசியவர்கள் வருவார்கள். வரலாற்றிலும் பொருளியலிலும் இதைத் தவிர்க்கவே கூடாது. மக்களிடம் நன்றாக விற்ற நூலைத் துறை அறிஞர்கள் ஏற்காமல் இருப்பது அந்தத் துறைகளில் சாதாரணமாக நடக்கிறது.

6. இப்போது கேளுங்கள்

பழைய இழைகளில் உங்கள் தேவை தீரவில்லை என்றால் கேள்வி எழுதுங்கள். முதல் படியில் எழுதிய நான்கு வரியும் கேள்விக்கு எலும்பு. அதோடு ஐந்தாவதாக, ஏற்கெனவே எதைப் பார்த்தீர்கள், ஏன் அது பொருந்தவில்லை என்று சேருங்கள்.

இப்படி இருக்கலாம்: “நான் இலங்கையிலிருந்து தனியாகப் புள்ளிவிபரவியல் படிக்கிறேன். நிகழ்தகவின் அடிப்படையும் ஒருமாறி நுண்கணிதமும் தெரியும். சமூக ஆய்வுக்கு மாதிரி எடுப்பது பற்றிப் படிக்க வேண்டும். இன்ன நூலை எடுத்தேன், அதில் பயிற்சிக்கு விடை இல்லாததால் தனியாகப் படிக்க முடியவில்லை. விடைகள் உள்ள, இளமாணி மட்ட நூல் ஒன்று சொல்வீர்களா? ஏன் அது என்றும் சொல்லுங்கள்.”

ஆங்கிலம் வராது என்று தயங்க வேண்டாம். சிறு சிறு வாக்கியமாக எழுதுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் வந்ததை மறுபடி தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். பொருள் மாறியிருந்தால் தமிழ் வாக்கியத்தைச் சுருக்கி மறுபடி போடுங்கள். இலக்கணப் பிழைக்காக எவரும் கேள்வியை மூடுவதில்லை, தெளிவில்லாவிட்டால் மூடுவார்கள்.

“பீடிஎப் இருந்தால் அனுப்புங்கள்” என்று ஒரு வரி சேர்ப்பதுதான் நம் பிள்ளைகளின் கேள்விகள் நீக்கப்படுவதற்கு முக்கிய காரணம். திருட்டுப் பிரதி கேட்பதாக எடுத்துக்கொள்வார்கள். ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் பல குழுக்களில் ஒட்டுவதும் ஆகாது. ஓர் இடத்தில் கேட்டு, சில நாள் பொறுத்து, பதில் வராவிட்டால் அதைச் சொல்லியே அடுத்த இடத்துக்குப் போங்கள்.

நேரம் பார்த்துக் கேளுங்கள். நமக்கு இரவு ஏழு மணி என்றால் நியூயோர்க்கில் காலை எட்டரை அல்லது ஒன்பதரை. அப்போது போட்டால் படுக்கப் போகுமுன் யாராவது “எந்த மட்டம்?” என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள், உடனே பதில் சொல்லலாம். அந்தத் துணைக் கேள்விக்குப் பதில் சொல்லாதவர்களின் இழை அங்கேயே நின்றுவிடும்.

7. குழுவுக்கு வெளியே இரண்டு சாட்சி

இரண்டு மூன்று தலைப்புகள் கையில் வந்ததும் குழுவை விட்டு வெளியே வாருங்கள். ஒரு குழுவுக்குள் எல்லோரும் ஒரே நூலைச் சொல்லிச் சொல்லி அது ஒரு பழக்கமாகவே ஆகியிருக்கலாம். அதனால் வேறு வகைச் சாட்சி வேண்டும்.

முதல் சாட்சி பாடத்திட்டங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாக வைத்திருக்கும் ஓபன் கோர்ஸ்வெயரில் அதே பாடத்தைத் திறந்து, வாசிப்புப் பக்கத்தில் அந்த நூல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவின் இலவச இணையப் பாடத் தளமான என்.பி.டெல் பாடங்களிலும் நூற்பட்டியல் உண்டு. அவை நம் மட்டத்துக்கும் விலைக்கும் கிட்ட வரும். ஓபன் சிலபஸ் என்ற தளம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களைத் திரட்டி, எந்த நூல் எத்தனை இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று காட்டுகிறது. ஆனால் அங்கே ஆங்கிலம் பேசும் நாடுகளே நிறைந்திருக்கும். அதோடு, வகுப்பில் விரிவுரையாளர் துணையோடு படிக்க வைத்த நூல் தனியாகப் படிப்பவருக்கு ஒத்துவரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது சாட்சி ஆய்விதழ்களில் வரும் மதிப்புரை. வரலாறு, சமூகவியல், அரசறிவியல் நூல்களுக்கு எச்-நெட் தளத்தில் இலவச மதிப்புரைகள் கிடைக்கும். ஆய்விதழ்களைத் திரட்டி வைத்திருக்கும் ஜேஸ்டோரில் இலவசக் கணக்குத் திறந்தால் மாதம் 100 ஆக்கங்கள் வரை இணையத்தில் வாசிக்கலாம். நூலின் பெயரோடு “ரிவியூ” என்று தேடுங்கள். எவரும் இலவசமாக எடுக்கக்கூடிய திறந்த பாடநூல்களாக இருந்தால் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஓபன் டெக்ஸ்ட்புக் லைப்ரரியில் கற்பிப்பவர்களே எழுதிய மதிப்புரைகள் நூலின் பக்கத்திலேயே இருக்கும்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுப் பட்டியல் எடுத்து வருபவர்கள் இப்போது அதிகம். உலகில் இல்லாத புத்தகத்தைக்கூட உண்மையான ஓர் ஆசிரியரின் பெயரில் அது சேர்த்துவிடும், தலைப்பு நம்பும்படியே இருக்கும். அப்படி வந்த ஒவ்வொரு தலைப்பையும் உலக நூலகப் பட்டியலான வேர்ல்ட்கெட்டில் தேடுங்கள். நூலுக்கென்று தரப்படும் சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இலக்கத்தையும் பாருங்கள்: இலங்கையில் பதிவான நூலுக்கு 978க்குப் பிறகு 955 அல்லது 624 வரும். நூலகப் பட்டியலிலும் இல்லை, பதிப்பகத்தின் பக்கத்திலும் இல்லை என்றால் அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள்.

8. நம்மைப் பற்றிய புத்தகங்களுக்கு வேறு வழி

மலையக வரலாறு, தோட்டத் தொழிலாளர், தேயிலைப் பொருளாதாரம் என்று வந்தால் மேலே சொன்ன பெரிய குழுக்கள் வலுவிழந்துவிடும். அங்கே இந்தத் தலைப்பில் எழுதுபவர்கள் மிகச் சிலர். கேள்வி பதிலின்றிக் கிடந்தால் அது உங்கள் குற்றமில்லை.

இங்கே நூலகம் இணையத்தளத்திலிருந்து தொடங்குங்கள். 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், நினைவு மலர்கள், கருத்தரங்கத் தொகுப்புகள் இலவசமாக இருக்கின்றன. சஞ்சிகைகளின் பொருளடக்கத்தையும் நூல் விமர்சனங்களையும் பாருங்கள். ஒரு நூலைப் பற்றி அந்தக் காலத்திலேயே யார் என்ன சொன்னார்கள் என்று அங்கே தெரியும். ஆய்வுக் கட்டுரைகளுக்கு, இலங்கை ஆய்விதழ்கள் உள்ள ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் அதன் கடைசியில் உள்ள நூற்பட்டியலைப் பிடியுங்கள். இப்படி மூன்று கட்டுரைகளைப் பார்த்தால், மூன்றிலும் திரும்ப வரும் நூல்கள்தான் இந்தத் துறையின் அடித்தளம்.

ஆங்கிலத்தில் தேடும்போது ஒரே சொல்லோடு நிற்க வேண்டாம். “இந்தியன் தமிழ்ஸ்”, “எஸ்டேட் தமிழ்ஸ்”, “பிளான்டேஷன் தமிழ்ஸ்”, “அப்கன்ட்ரி தமிழ்ஸ்”, “ஹில் கன்ட்ரி தமிழ்ஸ்”, “மலையக தமிழ்ஸ்” என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். பழைய ஆவணங்களுக்கு “சிலோன்” என்ற பெயரும் வேண்டும். ஒரு சொல்லில் வராத நூல் இன்னொன்றில் வரும்.

இலங்கை வரலாறு என்று யாராவது ஒரு பொது நூலைப் பரிந்துரைத்தால், நீங்களே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதன் சொல்லடைவைத் திறந்து சில விடயங்களைத் தேடுங்கள்: 1869இல் தென்பட்ட கோப்பி இலைநோய், 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானது, 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது, 2003 பிரஜாவுரிமைச் சட்டம். எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறார், எந்த ஆதாரத்தைக் காட்டுகிறார், தொழிலாளரின் குரல் எங்காவது வருகிறதா என்று பாருங்கள். உங்கள் குடும்பம் கடந்து வந்த விடயத்தில் ஓர் ஆசிரியர் எவ்வளவு கவனமாக இருக்கிறார் என்று பார்த்தால், உங்களுக்குத் தெரியாத பகுதியில் அவரை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஓரளவு அளவுகோல் கிடைக்கும். நாடற்றவராக்கப்பட்ட மக்களை இரண்டு வரியில் கடந்துபோகும் நூலை முழு வரலாறு என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது.

கடைசியாக, எழுதிக் கேளுங்கள். பேராதனையிலும் மற்றப் பல்கலைக்கழகங்களிலும் இந்தத் துறையில் கட்டுரை எழுதியவர்களின் அலுவலக மின்னஞ்சல் துறைப் பக்கத்தில் இருக்கும். “ஐயா” அல்லது “மெடம்” என்று தொடங்கி, அவருடைய எந்தக் கட்டுரையை வாசித்தீர்கள் என்று சொல்லி, ஒரே ஒரு கேள்வி. “உங்கள் துறையில் உள்ள எல்லாப் புத்தகங்களும் சொல்லுங்கள்” என்று கேட்ட கடிதத்துக்கு எவராலும் பதில் எழுத முடியாது.

9. பணம் கொடுக்குமுன்

ஒரு தலைப்பு எல்லாப் படியையும் தாண்டி வந்தபிறகும் உடனே வாங்காதீர்கள். இலவசமாகச் சட்டப்படி கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறிவியல், பொருளியல், உளவியல் அடிப்படைப் பாடங்களுக்கு ஓபன்ஸ்டாக்ஸ் தளத்தின் இலவசப் பாடநூல்களே போதுமானவை. ஆய்வு நூல்களுக்கு திறந்த அணுக்க நூல்களின் கோப்பகமான டோப். பழந்தமிழ் இலக்கியத்துக்கு மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும். கண்டி டி. எஸ். சேனாநாயக்க நூலகம் போன்ற பெரிய பொது நூலகத்துக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் தலைப்பையும் ஐ.எஸ்.பி.என். இலக்கத்தையும் எழுதிக் கொண்டுபோங்கள். நூலகரிடம் இலக்கத்தைச் சொன்னால் தேடுவது சுலபம்.

மாதிரிப் பக்கங்களை வாசியுங்கள். முன்னுரை எல்லாப் புத்தகத்திலும் இனிமையாகத்தான் இருக்கும். நடு அத்தியாயத்தைத் திறவுங்கள். ஒரு பக்கத்தில் அகராதி பார்க்க வேண்டிய சொற்கள் பத்துக்கு மேல் போனால் அதே பாடத்தில் எளிய நூலிலிருந்து தொடங்குங்கள். கணிதம், பௌதிகவியல் என்றால் ஒரு பயிற்சியைச் செய்து பாருங்கள்.

பதிப்பைப் பொறுத்தவரை பாடத்துக்குப் பாடம் கணக்கு வேறு. நுண்கணிதத்தில் பத்து வருடப் பழைய பதிப்பால் எந்தக் குறையும் இல்லை, விலையும் பாதிக்குக் கீழே வரும். சட்டமும் அரசறிவியலும் அப்படியில்லை: 2022க்கு முன் வந்த இலங்கை அரசியலமைப்பு நூலில் 21ஆம் திருத்தம் இருக்காது. கணினித் துறையில் ஆண்டைப் பார்க்காமல் எதையும் எடுக்க வேண்டாம்.

தெற்காசியாவுக்கென்று இந்தியாவில் அச்சாகும் மலிவுப் பதிப்புகள் உண்டு. பின்னட்டையில் எந்தெந்த நாடுகளில் விற்கலாம் என்று போட்டிருக்கும், இலங்கையும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் பயிற்சி இலக்கங்கள் மூலப் பதிப்போடு ஒத்துப்போகாது. ஒரு பாடநெறியைத் தொடர்ந்து செய்பவர் அத்தியாயப் பட்டியலை ஒப்பிட்டுவிட்டு வாங்கட்டும்.

10. படித்தபின் திரும்பிப் போய் எழுதுங்கள்

கேட்டு வாங்கிய இழைக்கு இரண்டு மூன்று மாதத்தில் திரும்பிப் போங்கள். எந்தப் பகுதி உதவியது, எங்கே சிக்கினீர்கள், துணைக்கு எதை வைத்துக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். பரிந்துரைத்தவருக்கு அது நன்றி. அடுத்து அதே கேள்வியோடு வருபவருக்கு, தனியாகப் படித்த ஒருவரின் வாக்குமூலம். பேராசிரியர் எழுதும் பதிலில் இது கிடைக்காது.

அதே விபரத்தைத் தமிழில் வாசிகசாலைப் பதிவேட்டிலும் போடுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு, படிக்கத் தொடங்குமுன் என்ன தெரிந்திருக்க வேண்டும், எங்கே கிடைத்தது, என்ன விலை, என்ன குறை என்று ஏழு நிரல் போதும். “நல்ல புத்தகம்” என்று மட்டும் எழுதிய வரியைப் பொறுப்பாளர் திருப்பிக் கொடுத்து, காரணத்தை எழுதி வாங்க வேண்டும்.